தாய்மாமன் பரோட்டாக் கடை

அன்புள்ள ஐயா,

எங்கள் தெருமுனைப் பரோட்டாக் கடையில் 12 வயதுப் பையன் ஒருவன் டேபிள் துடைக்கிறான். முதலாளியிடமே கேட்டேன். "என் அக்கா மகன். தாய்மாமன் கடையில் நிற்கச் சட்டமே அனுமதிக்கிறது" என்றார். உண்மையா? குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொன்னால் அவன் வீட்டுப் பிழைப்பு கெடுமே என்றும் தயக்கம். டிவி பாட்டுப் போட்டிகளில் குழந்தைகளை நிறுத்துவது மட்டும் சரியா?

க.

அன்புள்ள க.,

டிவிக் குழந்தைகளுக்குத் தனி விதி இருக்கிறது. நாளுக்கு 5 மணி நேரம்தான், வருமானத்தில் 20 சதவீதமாவது குழந்தை பெயரில் வங்கி வைப்பு. அது இன்னொரு நாளைக்கு. என்னை உறுத்துவது உங்கள் தாய்மாமன்.

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்றது. கூடவே குடும்பத் தொழில் என்று ஒரு சந்தும் விட்டது. பெற்றோரின் உடன்பிறந்தவர்களும் அதில் குடும்பம்தான். ஆக, தாய்மாமன் உள்ளே. அத்தையின் கணவர் வெளியே, அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பியும் வெளியே. நம் ஊரில் யாரைத்தான் மாமா என்று கூப்பிடுவதில்லை? அம்மாவின் பள்ளிச் சான்றிதழில் இருக்கும் தகப்பன் பெயரும் முதலாளியின் தகப்பன் பெயரும் ஒன்றுதானா என்று தொழிலாளர் துறை ஆய்வாளர் பார்த்தாலே பாதி மாமன்கள் காணாமல் போவார்கள்.

சரி, சொந்த மாமன்தான் என்றே இருக்கட்டும். அந்தச் சட்டத்தின் 2017 விதிகளை யாராவது படிக்கிறார்களா? பள்ளி நேரத்தில் கூடாது. இரவு 7 முதல் காலை 8 வரை கூடாது. ஓய்வு நேரம் போக நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. பெரியவர் செய்யும் வேலைக்கு மாற்றாகப் பையனை நிறுத்தக் கூடாது. கடைக்கோ குடும்பத்துக்கோ வருமானம் தரும் வேலையாகவும் அது இருக்கக் கூடாது. பரோட்டாக் கல் சூடாவதே சாயங்காலம் 6 மணிக்கு. கூட்டம் வருவது இரவு 8 மணிக்கு. அப்போது அவன் கையில் துணி இருந்தால், மாமன் என்ன, பெற்ற தகப்பன் கடையானாலும் சட்டமீறல்தான்.

இத்தனைக்கும் நீங்கள் முதலாளியிடமே போய்க் கேட்டிருக்கிறீர்கள்! அதைத்தான் செய்யவே கூடாது. எச்சரிக்கை கிடைத்த முதலாளி பையனை வேறு ஊர்க் கடைக்கு மாற்றிவிடுவார், பிறகு அவனைத் தேடுவது யார்? இன்றைக்கே 1098-க்குப் பேசுங்கள். கடைப் பெயர், அடையாளம், பையன் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை நிற்கிறான், பின்வாசல் உண்டா, எல்லாம் சொல்லுங்கள். "சாயங்காலம் வாருங்கள்" என்றால் போதாது, பின்வாசல் தெரியாமல் வருகிறவர்கள் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். மீட்டால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழு முன் நிறுத்த வேண்டும். வயதுக்குப் பள்ளிச் சான்றிதழ், அது இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை.

உங்கள் தயக்கம் நல்ல மனசிலிருந்து வருகிறது, புரிகிறது. ஆனால் முதலாளிக்கு அபராதம் 20,000 முதல் 50,000 ரூபாய் வரை. அது வசூலானால் பையனுக்கான மறுவாழ்வு நிதியில் சேரும், அரசும் 15,000 போடும். வழக்கு பதிவாகாமல் சமாதானமாய் வீட்டுக்கு அனுப்பினால் இதில் ஒரு பைசா வராது. அதனால் வழக்கு எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

அவன் பெயர் எந்தப் பள்ளியில் இருக்கிறது என்றும் விசாரியுங்கள். தகவல் இல்லாமல் தொடர்ந்து 30 நாள் வராத பிள்ளையைப் பற்றிப் இதற்கென்று உள்ள பொறுப்பு அலுவலருக்குத் தெரிவிப்பது தலைமையாசிரியரின் கடமை. அவரையும் போய்ப் பாருங்கள்.