அதிபரும் வாசிப்பு வகுப்பும்

மதிப்பிற்குரிய ஐயா,

கிளிநொச்சியில் இருபத்தாறு ஆண்டுகள் ஆரம்பப் பிரிவில் வாசிப்புக் கற்பித்து ஓய்வுபெற்றுள்ளேன். வவுனியாவிலுள்ள சர்வதேசப் பாடசாலை ஒன்று என்னை அதிபராக அழைக்கிறது. கட்டணம் வாங்கும் இடத்துக்குப் போவது உறுத்துகிறது. அலுவலகத்தில் அமர்ந்துவிட்டால் கற்பித்தல் கைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சமும் இருக்கிறது. தங்கள் கருத்து என்ன?

ஓய்வுபெற்ற ஆசிரியை, கிளிநொச்சி

அன்புள்ள ஆசிரியைக்கு,

போங்கள். ஆனால் நாளுக்கு ஒரு பாடவேளை தரம் 1 வகுப்பு உங்களுடையது என்று நேரசூசியில் எழுதப்பட்ட பின்பே பொறுப்பேற்க வேண்டும்.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால், அரச நிதியுதவியோடு சமய அமைப்புகளும் பிறரும் நடத்திவந்த 'உதவி பெற்ற' பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்கு வந்தன; பின்னாளில் தோன்றிய சர்வதேசப் பாடசாலைகளோ கம்பனிகளாகப் பதிவானவை. அரச பாடசாலைக்கு கல்வி வலய அலுவலகத்திலிருந்து ஆசிரிய ஆலோசகர் வருவார். நீங்கள் போகும் இடத்தில், பிள்ளை உண்மையில் வாசிக்கிறதா என்று பார்க்க அதிபரை விட்டால் ஆளில்லை.

2009இல், போரால் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த செட்டிகுளம் முகாமில், தறப்பாள் கொட்டிலொன்றில் நான் படிப்பித்தபோது, எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி முழுப் பாடத்தையும் தடங்கலின்றிச் சொன்னாள். வரியின் நடுவே ஒரு சொல்லில் விரலை வைத்ததும் நின்றுபோனாள். இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில் பிறர் சொல்லக் கேட்டே அவள் பாடமாக்கியிருந்தாள். எழுத்திலிருந்து தொடங்கினோம். 'கெ'யில் கொம்பு முன்னால் நிற்க அதன் ஒலி பின்னால் வருகிறது. 'கொ'வில் குறி இருபுறமும் நிற்கிறது. கு, சு, து என்று உகரத்துக்கோ ஒரே வடிவமில்லை. இவை ஒவ்வொன்றிலும் அவள் தடுக்கினாள். 247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்புவிக்க வைப்பதால் இந்தத் தடுக்கல் தீராது. பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து, எங்கே நிற்கிறது என்று கேட்டால்தான் தெரியவரும்.

பகல், பக்கம், பங்கு ஆகிய மூன்றிலும் ககரம் வெவ்வேறாக ஒலிக்கிறது. ஆனாலும் சொல்லைப் பேச்சில் அறிந்த பிள்ளை தானாகவே திருத்திக்கொள்கிறது. ஆகவேதான், ஆங்கில மொழிமூலப் பாடசாலையிலும் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை முதலில் தமிழில் வாசிக்கப் பழக வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். பெற்றோர் சிலர் இதை விரும்பமாட்டார்கள். அவர்களை அழைத்து, பிள்ளையை அவர்கள் முன்னாலேயே வாசிக்கச் செய்து விளக்க உங்களைப் போன்ற அனுபவமுள்ள அதிபரால்தான் முடியும்.

கட்டணம் பற்றிய உறுத்தல் நியாயமானது. சனிக்கிழமை காலைகளில் உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஒரு மணி நேரம் இலவச வாசிப்பு வகுப்பு வையுங்கள். இத்தனை ஆண்டுகளில் நீங்கள் செய்துவைத்த எழுத்தட்டைகளே அதற்குப் போதும்.