ஜப்பானிய மரஅச்சு ஓவியங்கள்: கேட்டதும் சொன்னதும்

கே: ஓவியர் ஹொகுசாயின் 'பேரலை' அசல் எந்த மியூசியத்தில் இருக்கிறது?

ஒரே ஓர் அசல் என்று கிடையாது. 1831 வாக்கில் எடோவில் (இன்றைய டோக்கியோ) நிஷிமுராயா யோஹாச்சி என்ற பதிப்பாளர் மரக்கட்டையில் பல பிரதிகளாக அச்சிட்டு விற்ற படம் அது. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருப்பதும் அசல், நியூயார்க் மெட்ரோபாலிட்டனில் இருப்பதும் அசல். ஹொகுசாய் கையால் வரைந்த தாளைக் கட்டையில் ஒட்டி, அதன் மேலேயே செதுக்கிவிட்டார்கள். அதனால் அது மிஞ்சவில்லை.

கே: எங்கள் வீட்டில் ஒரு 'பேரலை' இருக்கிறது. அசலா என்று எப்படிப் பார்ப்பது?

லென்ஸ் வைத்துப் பாருங்கள். வண்ணம் சிறு சிறு புள்ளிகளாகத் தெரிந்தால் அது இயந்திர ஆஃப்செட் அச்சு, அசல் இல்லை. எதுவானாலும் வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள்.

கே: அந்தக் காலத்தில் இத்தனை வண்ணங்களை எப்படி அச்சிட்டார்கள்?

முதலில் கறுப்புக் கோடு மட்டும்தான். 1765 வாக்கில், ஓவியர் சுசுகி ஹருநோபு காலத்தில், பல வண்ண அச்சு வந்தது. மெல்லிய தாளில் மையால் வரைந்த படத்தை மலைச் செர்ரிக் கட்டையில் குப்புற ஒட்டி, கோடுகளை மட்டும் விட்டு மற்றதைச் செதுக்கி எடுப்பார்கள். அப்புறம் வண்ணத்துக்கு ஒன்றாகக் கட்டைகள் தயாராகும். எல்லாக் கட்டையிலும் ஒரே இடத்தில் 'கெந்தோ' என்ற வெட்டு இருக்கும்: ஒரு மூலையில் ட வடிவம், பக்கவாட்டில் ஒரு நேர்கோடு. தாளை அதில் பொருத்தி வைப்பதால்தான் வண்ணம் கோட்டைத் தாண்டுவதில்லை. அச்சிடுபவர் கட்டையில் நீர்வண்ணத்தைத் தூரிகையால் பூசி, ஈரத் தாளை வைத்து, மூங்கில் மடல் சுற்றிய 'பாரென்' என்ற வட்டப் பட்டையால் பின்புறம் தேய்ப்பார். ஹிரோஷிகே என்ற ஓவியரின் படங்களில் வானத்தின் உச்சியில் கருநீலம் மெல்ல மெல்லக் கரைந்து வருவதைக் கவனித்திருப்பீர்கள். கட்டையிலேயே வண்ணத்தை ஈரமாக இழைத்துவிடும் வேலை அது. ஒவ்வொரு தாளுக்கும் புதிதாகச் செய்ய வேண்டும். அச்சிடுபவரின் கைத்திறன் முழுவதும் அங்கே தெரியும்.

கே: என்னதான் இருந்தாலும் கலைஞர் ஹொகுசாய்தானே சார்? மற்றவர்கள் கூலிக்கு வேலை பார்த்தவர்கள்தானே?

இதை நான் ஏற்க மாட்டேன். ஹொகுசாயே இளம் வயதில் கட்டை செதுக்கும் தொழில் பழகியவர். 1830களில் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில், எகாவா தொமெகிச்சி என்ற செதுக்குநரே வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டார். மற்றவர்கள் தன் உருவங்களின் கண்ணையும் மூக்கையும் உதாகாவா என்ற வேறோர் ஓவியக் குழுவின் பாணிக்கு மாற்றிவிடுகிறார்கள் என்பது அவர் குறை. கோடு யார் கையில் உயிர்பெறுகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கே: (வேறொருவர்) 1904இல் யாமாமோதோ கானாயே 'மீனவர்' படத்தைத் தானே வரைந்து, செதுக்கி, அச்சிட்டாரே. அதுதானே முழுமையான கலை?

நல்ல படம், நானும் மதிக்கிறேன். ஆனால் ஒருவரே எல்லாம் செய்யவேண்டும் என்பது அவர் சார்ந்த 'சோசாகு ஹங்கா' (படைப்பு அச்சு) இயக்கத்தின் கொள்கை. அதைக் கொண்டு எடோவை அளக்கக் கூடாது. அங்கே பதிப்பாளர், வரைபவர், செதுக்குபவர், அச்சிடுபவர் என நால்வர் சேர்ந்தால்தான் ஒரு படம். பதிப்பாளரையும் லேசாக நினைக்காதீர்கள். நாடக நடிகர்களை வரைந்த ஷராகு 1794-95இல் பத்து மாத அளவே இயங்கினார். அந்த நடிகர் முகங்களுக்குப் பணம் போட்டவர் சுதாயா ஜூசாபுரோ.

கே: (முதலில் வாதிட்டவர்) அப்படியானால் மியூசியத்தில் ஏன் ஒரே பெயர்?

தாளில் பெரும்பாலும் ஓவியர் கையெழுத்தும், பதிப்பாளர் முத்திரையும், தணிக்கை முத்திரையும்தான் இருக்கும். மற்ற இருவர் பெயரும் அச்சாவது அபூர்வம். பெயர் இல்லை என்பதால் பங்கு இல்லை என்று ஆகாது. இதற்கு மேல் இதில் நான் சொல்ல எதுவும் இல்லை.

கே: என் தாத்தா சிங்கப்பூரில் வாங்கிய 'பேரலை' அசலா? என்ன விலை போகும்?

லென்ஸ். மேலே சொல்லியிருக்கிறேன். விலை என் துறை இல்லை, ஏல நிறுவனத்திடம் கேளுங்கள்.

கே: வெயிலில் மாட்டினால் என்ன ஆகும்?

குசும்பப்பூச் சிவப்பும் பூச்சாற்று நீலமும் வெளிறிவிடும். திரும்ப வராது. 'பேரலை'யில் உள்ள பிரஷ்ய நீலம் ஐரோப்பாவில் கண்டுபிடித்த வண்ணம், அது கொஞ்சம் தாங்கும். அதற்காக அதையும் வெயிலில் வைக்காதீர்கள்.

கே: வான் கோ ஜப்பானியப் படங்களைக் காப்பியடித்தாரா?

பார்த்து வரைந்து கற்றுக்கொண்டார். 1887இல் ஹிரோஷிகேயின் இரண்டு படங்களை, பாலத்தின் மேல் திடீர் மழையையும் கமெய்தோ பிளம் தோட்டத்தையும், எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். பிளம் மரத்தின் கிளை நம் முகத்துக்கு நேரே வந்து காட்சியையே மறைக்கும். அப்படிச் சட்டகத்தை வெட்டும் துணிச்சல்தான் ஐரோப்பியர்களை உலுக்கியது. அமெரிக்க ஓவியர் மேரி கசாட் 1890இல் பாரிஸில் ஜப்பானிய அச்சுகளின் பெரிய கண்காட்சியைப் பார்த்துவிட்டு, குளியல், கடிதம், குழந்தை என்று வீட்டுப் பெண்களின் பத்து வண்ண அச்சுகளைச் செய்தார். பெண்களை வரைந்து பேர்பெற்ற உதாமாரோவிடமிருந்து சரியான பாடத்தை எடுத்துக்கொண்டவர் அவர்தான் என்பேன்.

கே: சீன மரஅச்சுகள் பற்றி?

அதைப் படித்தவர்களிடம் கேளுங்கள்.

கே: இந்தியாவை யாராவது மரஅச்சில் செய்திருக்கிறார்களா?

யோஷிதா ஹிரோஷி. 1930-31இல் இந்தியா வந்து போனபின், தாஜ்மகாலைக் காலை மூடுபனியிலும் இரவிலும் அச்சிட்டார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். கட்டடம் ஒன்றுதான், நேரத்தை மாற்றிக் காட்டுவது வண்ணம்.