டொராண்டோவில் கடைத் திரை விற்கப் போகும் தம்பிக்கு

சென்னையில் துணிக்கடைகளுக்கும் நகைக்கடைகளுக்கும் டிஜிட்டல் சைனேஜ், அதாவது விளம்பரம் ஓட்டும் கடைத் திரைகள், விற்று வந்த தம்பி ஒருவர், அதே துறையில் டொராண்டோவில் ரீட்டெய்ல் சேல்ஸ் லீட் வேலை கிடைத்திருப்பதாக எழுதியிருக்கிறார். சம்பளம் போதுமா, வாடகை எவ்வளவு, குளிர் தாங்குமா, பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்று கேட்கிறார். குளிருக்கு ஜாக்கெட் இருக்கிறது. பள்ளி, வீடு அமையும் இடத்தைப் பொறுத்தது. வாடகையைப் பற்றி டொராண்டோவை ஒட்டிய மார்க்கமில் எந்தத் தமிழரைக் கேட்டாலும் ஒரு மணி நேரம் புலம்புவார். நான் பேச விரும்புவது சம்பளத்தைப் பற்றி மட்டும்.

தம்பி, ஆஃபர் லெட்டரில் தெரியும் பெரிய தொகையில் எவ்வளவு நிலையான சம்பளம், எவ்வளவு கமிஷன் என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ஆரம்ப மாதங்களில் ‘டிரா’ என்று கமிஷனுக்கு முன்பணம் தருவார்கள். பிற்பாடு கமிஷனில் பிடித்துக்கொள்வார்களா இல்லையா என்பதை எழுத்தில் வாங்குங்கள். கமிஷன் எப்போது கைக்கு வரும்? ஆர்டர் கையெழுத்தானதுமா, கடையில் ஸ்கிரீன் ஓடத் தொடங்கியதுமா, வாடிக்கையாளர் பணம் கட்டிய பிறகா? நான் முதலில் சேர்ந்த கம்பெனியில் மூன்றாவது வகை. ஆர்டர் பிடித்தவன் நான். பணம் வருவதற்குள் டிரா கடன் கழுத்துவரை ஏறிவிட்டது.

தாமதம் இங்கே தொழிலோடு பிறந்தது. நம் ஊரில் முதலாளியைப் பிடித்தால் முடிந்தது. இங்கே மார்க்கெட்டிங், ஐடி, ஸ்டோர் ஆபரேஷன்ஸ், சட்டப் பிரிவு எல்லோரும் தலையாட்ட வேண்டும். தலைமையகம் ஒத்துக்கொண்டாலும் கனடியன் டயர் என்ற செயின் கடையில் ஒவ்வொரு கிளையையும் நடத்துபவர் தனி டீலர். ஷாப்பர்ஸ் டிரக் மார்ட் என்ற மருந்துக்கடைச் செயினின் கிளையை நடத்துபவர் அங்கிருக்கும் பார்மசிஸ்ட். அவர்களையும் கரைக்க வேண்டும். நவம்பர் பிறந்துவிட்டால் பிளாக் ஃபிரைடே, கிறிஸ்துமஸ், டிசம்பர் 26 பாக்ஸிங் டே விற்பனை முடியும்வரை நெட்வொர்க்கில் ஒரு வயரைத் தொட விடமாட்டார்கள். செப்டம்பரில் சேர்ந்துவிட்டு டிசம்பருக்குள் டார்கெட் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

‘ஸ்கிரீன் இலவசம், விளம்பர வருமானத்தில் பங்கு’ என்ற ரீட்டெய்ல் மீடியா திட்டத்தின் மேல் உங்கள் கமிஷனைக் கட்டினால் இன்னும் கவனம். அமெரிக்காவில் வால்கிரீன்ஸ் மருந்துக்கடைகளின் குளிர்பெட்டிக் கதவுகளையே ஸ்கிரீனாக மாற்றிய கூலர் ஸ்கிரீன்ஸ் கம்பெனியின் கதை, இரு தரப்புக்கும் சண்டையாகி 2023-இல் கோர்ட்டுக்குப் போனது. பார்வையாளரை எண்ணக் கேமரா வைக்கலாம் என்று வாய்விடுவதற்கு முன், மால்களை நடத்தும் கேடிலாக் ஃபேர்வியூ கம்பெனியின் விவகாரத்தைப் படியுங்கள். 12 மால்களின் வழிகாட்டித் திரைகளுக்குள் கேமரா வைத்து, 50 லட்சத்துக்கும் மேற்பட்ட முகப்படங்களை அனுமதியில்லாமல் எடுத்ததாகத் தனியுரிமை ஆணையர்கள் 2020-இல் சொன்னார்கள். அதன் பிறகு சட்டப் பிரிவுக்காரர்களுக்குக் கேமரா என்றாலே காய்ச்சல்.

இன்னொன்று: வேலையை விட்டால் போட்டிக் கம்பெனிக்குப் போகக் கூடாது என்ற ஷரத்தை, டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணம் 2021 அக்டோபர் 25 முதல் தடை செய்துவிட்டது, உயர்மட்ட நிர்வாகிகளுக்கு விலக்கு உண்டு. ஆனாலும் பழைய தாளை நகலெடுத்து நீட்டுவார்கள். பயப்படாதீர்கள்.

நம்மவர் சிலர், தமிழர் கடைகள் நிறைந்த டொராண்டோ பகுதியைச் சொல்லி, "ஸ்கார்பரோவில் நம்ம கடைகளுக்கே போடு, போதும்" என்பார்கள். கேட்காதீர்கள். அங்கே வீட்டு டிவியை மாட்டிப் பென்டிரைவ் செருகினால் சைனேஜ். நாள் முழுக்க ஓடி அது கருகும். கடைக்கு மாட்டியதால் வாரண்டியும் கிடைக்காது. கண்ணாடி ஓரத்துக்கு 2,500 நிட்ஸ் வெளிச்சமாவது வேண்டும் என்று விளக்கினால், மச்சான் விலை கேட்பார்கள்.

நான் தேறியது வடக்கே, சட்பரியில். டொராண்டோவிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர். அங்கே ஒரு செயின் கடையின் கிளையை நடத்துபவர், என் ஸ்லைடுகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "சனிக்கிழமை ராத்திரி ஸ்கிரீன் கருப்பானால் யாரைக் கூப்பிடுவது?" என்று மட்டும் கேட்டார். என் நம்பரைக் கொடுத்தேன். பாக்ஸிங் டே அன்று காலையில் கூப்பிட்டார். வீட்டில் விருந்தாளிகள், மனைவி முறைத்தாள். திரைக்குப் படம் அனுப்பும் மீடியா பிளேயர் பெட்டி ஒன்றைக் காரில் போட்டுக்கொண்டு பனியில் ஓட்டிப்போய் மாற்றிக் கொடுத்தேன். அந்த மனிதர் மற்ற கடைக்காரர்களிடம் என்ன சொன்னாரோ, வசந்தத்தில் அந்தச் செயினின் தலைமையகமே என்னைக் கூப்பிட்டது. அந்த ஆர்டரின் கமிஷனுக்கும் ஒரு வருஷம் காத்திருந்தேன் என்பது வேறு விஷயம்.