ஷிட்சோங்கா ஆட்சிமொழி என்றால் கணக்குத் தேர்வு ஏன் அதில் இல்லை?

தென்னாப்பிரிக்காவில் ஷிட்சோங்கா, வெண்டா, சுலு எல்லாம் ஆட்சிமொழிகளாக இருந்தும் பள்ளியிலும் அலுவலகத்திலும் ஆங்கிலமே ஏன் ஓங்கியிருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். லிம்போப்போ மாகாணத்தில், கியானி ஊருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மூன்று ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்தேன். அங்கே பார்த்ததிலிருந்து சொல்கிறேன்.

நான்காம் வகுப்புத் தேர்வு. கடைக்காரரிடம் 24 ஆரஞ்சுகள், 17 விற்றுவிட்டார், மீதி எத்தனை? கேள்வி ஆங்கிலத்தில்தான். 'மீதி' என்ற இடத்தில் 'லெஃப்ட்' என்று இருந்தது. ஒரு சிறுமி 24 வட்டங்களை ஒழுங்காக வரைந்து, இடது ஓரத்தில் இருந்தவற்றை மட்டும் சுழித்து வைத்திருந்தாள். லெஃப்ட் என்றால் இடது என்று ஆங்கில வகுப்பில் படித்த பிள்ளை, பாவம், வேறென்ன செய்வாள்? உடன் வேலை பார்த்த ஆசிரியை அவளைக் கூப்பிட்டு அதே கணக்கை ஷிட்சோங்காவில் சொல்லி, "கு செலே மங்கானி?" என்று கேட்டார். எத்தனை மிச்சம் என்று அர்த்தம். யோசிக்கக்கூட இல்லை. "ன்கோம்போ" என்றாள். ஏழு.

அவளுக்குக் கணக்கு தெரியும். ஆனால் மதிப்பெண் பட்டியலில் பூஜ்யம்.

நான் இருந்தபோது அங்கே மூன்றாம் வகுப்பு வரை தாய்மொழியில் சொல்லிக்கொடுத்தார்கள். நான்காம் வகுப்பில் கால் வைத்ததும், தாய்மொழிப் பாடம் தவிர மற்றதெல்லாம் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது. பள்ளி இறுதித் தேர்வில் கணக்கு, அறிவியல், வரலாறு வினாத்தாள்கள் ஆங்கிலத்திலும், டச்சு மொழியிலிருந்து கிளைத்த ஆப்பிரிக்கான்ஸிலும்தான் வந்துகொண்டிருந்தன. ஆப்பிரிக்கான்ஸ் பேசும் வீட்டுப் பிள்ளை பன்னிரண்டு வருடமும் தன் மொழியிலேயே படித்துத் தேர்வெழுதலாம். ஷிட்சோங்கா பிள்ளைக்கு அந்த வழி மூன்று வருடத்தோடு முடிந்துவிட்டது. 1996 அரசியல் சாசனம் இரண்டையும் சமமான ஆட்சிமொழிகள் என்கிறது. சமமா இல்லையா என்பதை நான் வினாத்தாளை வைத்துத்தான் பார்க்கிறேன்.

"அந்த மொழிகள் இன்னும் வளரவில்லை, அறிவியல் எழுத வராது" என்று சொல்பவர்கள் உண்டு. இதை நான் ஏற்கவில்லை. ஆப்பிரிக்கான்ஸ் ஆட்சிமொழி ஆனதே 1925இல்தான். அதன்பின் அரசு பணத்தைக் கொட்டி அகராதி, பாடநூல், பல்கலைக்கழகம் என்று கட்டியெழுப்பியது. ஷிட்சோங்காவில் முழு பைபிளே 1907இல் வந்துவிட்டது. சுவிஸ் மிஷனரிகள் அச்சேற்றிய மொழி அது. குறை மொழியில் இல்லை, செலவழிக்க மனம் வராததில்தான் இருக்கிறது.

சரி, பெற்றோராவது தாய்மொழியில் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்கக்கூடாதா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அங்கே ஒரு பெரியவரிடம் பேசிய பிறகுதான் விஷயம் புரிந்தது. ஷிட்சோங்கா, சுலு போன்ற மொழிகளின் குடும்பத்துக்குப் பெயராக நாம் எழுதும் 'பாண்டு', அவர்கள் காதில் 1953ஆம் ஆண்டு பாண்டுக் கல்விச் சட்டமாகத்தான் விழுகிறது. கறுப்பினப் பிள்ளைகளைக் கூலி வேலைக்கு மட்டும் தயார்செய்ய நிறவெறி அரசு போட்ட சட்டம். தொடக்கப் பள்ளி முழுக்கத் தாய்மொழிதான் என்று வைத்ததும் அதே அரசு, பாசத்தால் அல்ல, பிரித்து வைக்க. கியானியே அப்படி ஷிட்சோங்கா பேசும் ட்சோங்கா மக்களை ஒதுக்க உருவாக்கிய கசான்குலு என்ற 'தாயக'த்தின் தலைநகர். பிறகு 1974இல் பாதிப் பாடங்களை ஆப்பிரிக்கான்ஸில் நடத்தச் சொன்னார்கள். 1976 ஜூன் 16 அன்று ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பினக் குடியிருப்பான சோவெட்டோவில் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள், சுடப்பட்டார்கள். இதையெல்லாம் கண்ணால் கண்டவரிடம் போய் "தாய்மொழிக் கல்வி" என்றால், மறுபடி வேலிக்குள் அடைக்கப் பார்க்கிறார்கள் என்றுதான் நினைப்பார். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆங்கிலத்தை எடுத்துவிட்டு ஷிட்சோங்காவை வைக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும் என்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2021 சர்வதேச வாசிப்புத் தேர்வில் அந்நாட்டு நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேருக்கு, படிப்பதைப் புரிந்துகொள்ளும் அடிப்படைத் திறன்கூட இல்லை என்று வந்தது. அந்தத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும் நடந்ததல்ல, அவரவர் பள்ளியில் அதுவரை படித்த மொழியில் நடந்தது. ஆக, மொழியை மாற்றினால் மட்டும் போதாது. என் பள்ளியில் ஷிட்சோங்கா கதைப் புத்தகங்கள் ஒரே அலமாரித் தட்டில் அடங்கிவிட்டன. படிக்கப் புத்தகமே இல்லாத பிள்ளை எந்த மொழியில் வாசிக்கக் கற்றுக்கொள்ளும்?

பொதுவாழ்வில் நிலைமை கலவையாக இருக்கிறது. முங்ஹானா லொனேனே எஃப்எம் என்ற ஷிட்சோங்கா வானொலி கியானியில் எந்த மினிபஸ் டாக்ஸியில் ஏறினாலும் பாடிக்கொண்டிருக்கும். உண்மை நண்பன் என்று பொருள், பேருக்கேற்ற வானொலிதான். ஆனால் நீதிமன்றப் பதிவுமொழி 2017 முதல் ஆங்கிலம் மட்டுமே. அப்புறம் 2008 மே மாதக் கலவரம். வெளிநாட்டவரைத் தேடிய கும்பல்கள் முழங்கையைக் காட்டி, இதற்குச் சுலுவில் என்ன பெயர் என்று கேட்டன. 'இண்டொலொல்வானே' என்று சொல்லத் தெரியாவிட்டால் அடி. இறந்த 62 பேரில் 21 பேர் தென்னாப்பிரிக்கர்கள். மொசாம்பிக்கிலும் பேசும் மொழி என்பதால் ஷிட்சோங்கா பேசிய உள்நாட்டு மக்களும் அந்நியராக விரட்டப்பட்டார்கள். சொந்த நாட்டின் ஆட்சிமொழியைப் பேசியதற்காக!

இப்போது ஒரு நல்ல மாற்றம் தெரிகிறது. 2025இல் நான்காம் வகுப்புக் கணக்கையும் அறிவியலையும் தாய்மொழியும் ஆங்கிலமும் சேர்த்து நடத்தும் இருமொழித் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலே கொண்டுபோக வேண்டும், இறுதித் தேர்வு வினாத்தாள் வரைக்கும்.

அந்தச் சிறுமியின் தாளைத் திருத்திய மறுநாள், கரும்பலகையின் மேல் மூலையில் ஆங்கிலத்தில் 'லெஃப்ட்' என்றும் அதன் கீழே 'கு செலே' என்றும் எழுதினேன். அந்த ஆண்டு முடியும்வரை அதை அழிக்க யாரையும் விடவில்லை.