ஆல்கஹால் மார்க்கரில் பறவை வரையும்போது நிறம் கோட்டைத் தாண்டி ஓடாமல், திட்டு விழாமல் இருக்க என்ன செய்யலாம்?

உங்கள் மகள் மயில் வரைகிறாள், நீலம் திட்டுத் திட்டாக நிற்கிறது, பச்சை கோட்டைத் தாண்டி ஓடிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வீடு நாகர்கோவில் பக்கம் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அப்படியானால் மயிலைக் கொஞ்ச நாள் தள்ளிவைத்துவிட்டு வெண்மார்பு மீன்கொத்தியில் தொடங்கச் சொல்லுங்கள்.

தலையும் வயிறும் சாக்லேட் பழுப்பு. தொண்டையும் மார்பும் வெள்ளை. முதுகும் வாலும் பளிச்சென்ற நீலம். அலகும் காலும் சிவப்பு. வயலில் பாத்தி கட்டியதுபோல ஒவ்வொரு நிறமும் தன் இடத்தில் நிற்கும். மயிலில் அப்படி இல்லை, ஒவ்வொரு இறகிலும் நாலைந்து நிறம் ஒன்றுக்குள் ஒன்று இழைந்துகிடக்கும். மார்க்கர் பிடித்துப் பழகும் கைக்கு அது பெரிய சோதனை.

பறவையைத் தேடி எங்கேயும் போகவேண்டாம். தோவாளைச் சானல் கரையில், வயலோரக் கரண்ட் கம்பியில் உட்கார்ந்திருக்கும். தேரூர்க் குளத்துக்கு ஒருநாள் கூட்டிப்போனால் இன்னும் நல்லது. சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. நம் ஊர்க் குளத்துக்கு அந்தப் பெயர் கிடைத்ததில் எனக்கு இன்றும் பெருமைதான்.

சரி, திட்டு ஏன் விழுகிறது? இந்த மார்க்கரில் சாயம் ஆல்கஹாலில் கரைந்திருக்கிறது. காகிதத்தில் பட்டதும் ஆல்கஹால் ஆவியாகும், சாயம் தங்கும். முதல் கோடு ஈரமாக இருக்கும்போதே பக்கத்துக் கோட்டைப் போட்டால் இரண்டும் ஒரே பரப்பாகச் சேர்ந்துவிடும். காய்ந்தபிறகு போட்டால், இரண்டும் தொடும் இடத்தில் இன்னொரு அடுக்கு ஏறி அழுத்தமாகத் தெரியும். அதனால் முழு இறக்கையையும் ஒரே மூச்சில் நிரப்பப் பார்க்காமல், சின்னச் சின்னப் பகுதியாக எடுத்து, ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகவேண்டும். வரையும்போது ஃபேனை நிறுத்திவிடுங்கள். ஜன்னல் மட்டும் திறந்திருக்கட்டும், ஆல்கஹால் வாடை அறையில் தங்கக்கூடாது. ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக் காற்றில் வரைபவர்கள் காற்று படாத மூலையாகப் பார்த்து உட்காரவேண்டியதுதான்.

நிறம் கோட்டைத் தாண்டுவதற்குக் காரணம், மை காகிதத்துக்குள் பக்கவாட்டில் ஊறுவது. பென்சில் கோட்டுக்கு ஒரு மயிரிழை முன்னாலேயே முனையை நிறுத்தினால் மீதி இடத்துக்கு மை தானே போய்ச்சேரும். சாதாரண ஏ4 தாளில் இது கட்டுக்கடங்காது, பின்பக்கமும் ஊறிவிடும். மார்க்கருக்கென்றே விற்கும் தாள் கிடைக்காவிட்டால், கெட்டியான வழவழப்பான ஐவரி ஷீட்டை ஓரத்தில் சோதித்துப் பார்த்து வாங்குங்கள். அடியில் ஒரு பழைய தாள் எப்போதும் இருக்கட்டும்.

கோடு போட பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அந்த மை ஆல்கஹால் பட்டதும் கரைந்து அழுக்காக்கும். பென்சிலில் லேசாக வரைந்து, ரப்பரால் இன்னும் மங்கலாக்கிக்கொண்டால் போதும்.

இனி நிறம். மார்க்கரில் வெள்ளை கிடையாது. காகிதம்தான் வெள்ளை. ஆகவே தொண்டையையும் மார்பையும் தொடவே கூடாது. கழுத்துக்குக் கீழே மட்டும் மிக வெளிர் சாம்பலில் இரண்டு மூன்று கோடு.

இறக்கையில்தான் நேரம் செலவழிக்கவேண்டும். உற்றுப்பார்த்தால் தோளில் பழுப்பு, அதற்குக் கீழே ஒரு கருந்திட்டு, அப்புறம்தான் நீலம் தொடங்கும். அந்த இறகில் நீலச் சாயமே கிடையாது. இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் கண்ணுக்கு நீலமாகத் தெரிகிறது. வெயிலில் தகதகக்கும், நிழலில் பச்சை கலந்து மங்கும். ஒரே நீல மார்க்கரால் நிரப்பினால் பறவை செத்துப்போய்விடும். முதலில் வெளிர் வான நீலம் போடச் சொல்லுங்கள். அது ஈரமாக இருக்கும்போதே மயில்நீலத்தை இறகு போகும் திசையில் இழுக்கவேண்டும். நன்றாகக் காய்ந்ததும் இறகு ஓரங்களில் மட்டும் அடர்நீலம். வெயில் படும் இடத்தில் முதல் அடுக்கு அப்படியே தெரியட்டும்.

பழுப்பிலும் இதேதான், வெளிரில் தொடங்கி அடர்த்திக்குப் போகவேண்டும். வயிற்றில் அடர்பழுப்பு காய்ந்தபின் நிறமற்ற பிளெண்டர் (சாயம் இல்லாத மார்க்கர்) முனையால் ஆங்காங்கே தொட்டால், மை விலகி வெளிர்ப்புள்ளி விழும். மென்மயிர் போலவே இருக்கும், எனக்கு மிகவும் பிடித்த வேலை இது.

சிவப்பு அலகைக் கடைசியில் போடுங்கள். வெள்ளைத் தொண்டையை ஒட்டியிருப்பதால் கொஞ்சம் ஊறினாலும் படம் போச்சு. கண்ணில் வெள்ளை ஜெல் பேனாவால் ஒரு புள்ளி வைத்தால் முடிந்தது.

காப்பிக் போன்ற விலை கூடிய மார்க்கர் இப்போதைக்குத் தேவையில்லை. நீலத்தில் மூன்று, பழுப்பில் மூன்று அடர்த்தி இருக்கும் சாதாரண செட் போதும். இரண்டு பக்கமும் முனை இருப்பதால் படுக்கவைத்தே வையுங்கள். இந்தச் சாயம் வெயிலில் வெளுக்கும், அதனால் முடிந்த படத்தை ஜன்னலுக்கு எதிரே மாட்டாமல் ஃபைலில் போட்டுவையுங்கள். மாட்டத்தான் வேண்டுமென்றால் ஸ்கேன் எடுத்து, பிரிண்டை மாட்டுங்கள்.