அம்மா கைநாட்டு வச்சுட்டாங்க, இனி மருந்து ஆராய்ச்சியில இருந்து விலக முடியுமா?

முக்கூடல் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. அம்மா பீடி சுத்துதவங்க, சுகர் இருக்கு. பீடிக்கடைக்கு இலை வாங்கப் போன இடத்துல தெரிஞ்ச ஆள் ஒருத்தர் மாத்திரை ஃப்ரீ, போக வர காசும் உண்டுன்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி ஃபாரத்துல கைநாட்டு வாங்கிட்டாராம், புது மருந்து சோதனைன்னு பிறகுதான் தெரிஞ்சிருக்கு, இப்ப விலகணும்னா செலவைத் திருப்பிக் கட்டச் சொல்லி மிரட்டுதாராம்.

ஒத்தப் பைசா கட்ட வேண்டாம் தாயி. எப்ப வேணாலும் விலகலாம், காரணமும் சொல்ல வேண்டாம், வழக்கமான வைத்தியத்தை அதுக்காக மறுக்கக் கூடாது. ஆனா மாத்திரைய நீங்களா நிறுத்திராதீங்க, டாக்டர்கிட்ட சொல்லிட்டு மாறுங்க.

எனக்கு வயித்தெரிச்சலே அந்தக் கைநாட்டுதான். வாசிக்கத் தெரியாதவங்கன்னா, டாக்டர் விளக்கம் சொல்ல ஆரம்பிச்சதுல இருந்து கடைசி வரைக்கும் ஒரு சாட்சி கூடவே இருந்து கையெழுத்துப் போடணும், மருந்துச் சோதனைக்கான 2019 விதியில இருக்கு. அந்த சாட்சி ஆராய்ச்சிக்கு சம்பந்தமே இல்லாத ஆளா இருக்கணும். அங்க வேலை பாக்கிற நர்ஸ் கூடாது, தலைக்கு இவ்வளவுன்னு கமிஷன் வாங்கிட்டு ஆள் புடிச்சிட்டு வாரவன் கூடவே கூடாது. பக்கத்து வீட்டு வாத்தியார் வரலாம், நீங்களே போயிருக்கலாம். முதல்ல சாட்சி இடத்துல யார் பேர் இருக்குன்னு பாருங்க.

நான் எட்டு வருஷம் ஒரு எத்திக்ஸ் கமிட்டியில, அதாவது இந்த மாதிரி சோதனை நியாயமா நடக்குதான்னு பாத்து அனுமதி குடுக்கிற குழுவுல, வெளியாளா உக்காந்தவன். குறைஞ்சது ஏழு பேரு, அதுல பாதி ஆஸ்பத்திரிக்கு வெளிய உள்ளவங்கன்னு சட்டம் நல்லாத்தான் இருக்கு, ஆனா இத்தாம்பெரிய ஃபைலை முந்தின நாள் ராத்திரி குடுத்தா எவன் படிப்பான்? ஒரு தடவை ஃபாரத்துல 'மருந்துப்போலி'ன்னு போட்டிருந்தாங்க, இது பீடி சுத்துத ஆச்சிக்குப் புரியுமா, மருந்தே இல்லாத வெறும் மாத்திரைன்னு எழுதுங்கன்னு அரைமணி நேரம் சண்டை போட்டேன்.

ஃபாரத்தோட காப்பி உங்க கையில இருக்கணும், இல்லைன்னா கேட்டு வாங்குங்க. அதுல எத்திக்ஸ் கமிட்டியோட ஃபோன் நம்பர் இருக்கும், ஏஜென்ட்டை விட்டுட்டு நேரா அங்க பேசுங்க. நாட்டுல நடக்கிற மருந்துச் சோதனைகளைப் பதிஞ்சு வைக்கிற சிடிஆர்ஐ (CTRI) வெப்சைட்ல அந்தச் சோதனை பதிவாகியிருக்கான்னு காசில்லாம பாத்துக்கலாம். மருந்தால உடம்புக்கு ஏதும் ஆனா வைத்தியச் செலவு சோதனை நடத்துதவங்க பொறுப்பு. ஆஸ்பத்திரியில சேர்க்கிற அளவுக்குப் போனா 24 மணி நேரத்துல மேல தகவல் சொல்லியாகணும்.

விலகுதோம்னு வெள்ளைப் பேப்பர்ல நாலு வரி எழுதி டாக்டருக்கு ஒண்ணு, கமிட்டிக்கு ஒண்ணு குடுத்துட்டு, உங்க காப்பியில தேதியோட சீல் வாங்கிக்கோங்க.