தந்தையைக் கொன்ற மகனுக்குத் தோட்டத்தில் பங்கு உண்டா?

கேள்வி: கோத்தகிரி அருகே என் தந்தை தம் உழைப்பில் வாங்கிய 2 ஏக்கர் தேயிலைத் தோட்டம் உள்ளது. உயில் எழுதாத அவரை என் அண்ணனே கொன்றுவிட்டார். வழக்கு நடக்கும்போதே, ஜாமீனில் வந்தவர் பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுத்திருக்கிறார். அவருக்கு இல்லையென்றாலும் தமக்குப் பங்கு உண்டு என்கிறார் அண்ணி. அவர்களுக்குக் குழந்தை இல்லை. அம்மாவும் நானும் என்ன செய்வது?
- வாசகி, நீலகிரி மாவட்டம்

பதில்: இத்தனை துயரத்துக்கு நடுவே நிலத்துக்காகவும் நீங்கள் அலைய நேர்ந்தது கொடுமை. ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, சகோதரி.

கொலை செய்தவரும் அதற்கு உடந்தையாக இருந்தவரும் கொல்லப்பட்டவரின் சொத்துக்கு வாரிசாக முடியாது என்கிறது 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. தண்டனை பெற்றிருக்க வேண்டும் என்று அப்பிரிவு நிபந்தனை விதிக்கவில்லை என்பதால், குற்ற வழக்கு முடியும்வரை காத்திராமல் உரிமையியல் நீதிமன்றத்தை நீங்கள் இப்போதே நாடலாம். (தோடர், கோத்தர், இருளர் போன்ற பட்டியல் பழங்குடியினருக்கு இச்சட்டம் பொருந்தாது, நீங்கள் அவர்களில் ஒருவரல்லர் என்று கொண்டே எழுதுகிறேன்.)

அண்ணியின் வாதத்துக்கு அடிப்படை 27ஆம் பிரிவு. தகுதியிழந்தவர் தந்தைக்கு முன்பே இறந்துவிட்டதாகக் கருதிச் சொத்தைப் பிரிக்க வேண்டும் என்று அது கூறுவதால், முன்னரே இறந்த மகனின் மனைவி என்ற முறையில் அவர் பங்கு கேட்கிறார். தமிழ்நாட்டிலிருந்து சென்ற இத்தகைய வழக்கொன்றில், தந்தையைக் கொன்ற மகனின் மனைவி தம் கணவர் வழியாகவே உரிமை கோர முடியும் என்பதால் அவருக்கும் பங்கில்லை என்று 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. எனவே தோட்டம் தங்கள் அம்மாவுக்கும் தங்களுக்கும் சரிபாதியாகச் சேரும்.

வட்டாட்சியரிடம் உடனே எழுத்து மூலம் ஆட்சேபணை தெரிவித்து, முதல் தகவல் அறிக்கையின் நகலையும் இணையுங்கள். பட்டாவும் வாரிசுச் சான்றிதழும் உரிமையை முடிவு செய்பவை அல்ல. ஆயினும் அண்ணன் பெயருக்குப் பட்டா மாறினால், விவரமறியாத ஒருவரிடம் அவர் நிலத்தை விற்க முனையக்கூடும் என்பதால், உரிமை விளம்புகை வழக்கு (நிலம் உங்களுக்கே உரியது என்று நீதிமன்றம் அறிவிக்கக் கோரும் வழக்கு) தொடுத்து இடைக்காலத் தடையுத்தரவும் கேளுங்கள்.

பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று: அண்ணனுக்கு விழும் தடை பொதுவாகத் தந்தையின் சொத்துக்கே உரியது. அம்மா உயில் எழுதாமல் காலமானால், அவருடைய பாதியில் மகன் என்ற முறையில் அண்ணன் பங்கு கேட்டு வரலாம். அந்தச் சொத்துக்காகவே கொலை நடந்தது என்று மெய்ப்பிக்கும் சுமை அப்போது உங்கள் தலையில் விழும். ஆகையால் அம்மா இரண்டு சாட்சிகள் முன்னிலையில் உயில் எழுதிக் கையொப்பமிட்டு, அதைப் பதிவும் செய்துவிடட்டும்.